ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்: வீட்டிலேயே மாற்றுவதா, பட்டறையா, கம்பெனி சர்வீஸா?

கார் ஐம்பதாயிரம் கிலோமீட்டரை நெருங்கும்போது ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் வந்துவிடுகிறது. கம்பெனி சர்வீஸில் கேட்டால் "அது லைஃப்டைம் ஆயில் சார், மாத்தவே வேணாம்" என்கிறார்கள். பட்டறையில் கேட்டால் "விட்டுட்டுப் போங்க, சாயங்காலம் ரெடி" என்கிறார்கள். யூடியூபைத் திறந்தால் யாரோ ஒருவர் தன் வீட்டு வாசலில் அரை மணி நேரத்தில் மாற்றி முடித்துக் கையைத் துடைத்துக்கொள்கிறார். வேலூரில் சத்துவாச்சாரியிலும் காட்பாடி காந்தி நகரிலும் இருக்கும் நண்பர்கள் கேட்பது, இதில் யார் பேச்சைக் கேட்பது என்றுதான்.

பெரும்பாலோர் இதைக் கூலிக் கணக்காகப் பார்க்கிறார்கள். வீட்டில் செய்தால் எவ்வளவு மிச்சம், வெளியே விட்டால் எவ்வளவு செலவு என்று. ஆனால் இந்த வேலையில் பெரிய செலவு ஆயில்தான். அதை எங்கே ஊற்றினாலும் ஏறக்குறைய ஒரே விலை. என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது வேறு: உங்கள் கியர் பாக்ஸில் ஆயில் மட்டத்தை எப்படிப் பார்ப்பது? வேலூர் வெயிலில் இந்தக் கேள்வி இன்னும் முக்கியமாகிவிடுகிறது. அது ஏன் என்று கீழே வருகிறேன்.

அதற்கு முன் அந்த "லைஃப்டைம்" விஷயம். பி.எம்.டபிள்யூ. போன்ற கார்களுக்கு கியர் பாக்ஸ் செய்து கொடுக்கும் ஜெர்மன் நிறுவனமான இசட்.எஃப்., தன் பெட்டிகளில் 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது அதிகபட்சம் 8 ஆண்டுக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. அதே பெட்டி உட்கார்ந்திருக்கும் காரின் கையேட்டில் "வாழ்நாள் முழுதும்" என்று இருக்கும். யாருடைய வாழ்நாள் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. நம் ஊர்க் கார்களின் கையேடுகளிலும் கடைசிப் பக்கங்களில் "கடுமையான பயன்பாடு" என்று தனி அட்டவணை ஒன்று இருக்கும். ஹூண்டாய் கையேடுகளில் அந்தப் பட்டியலில் வரும் ஒரு வரி, 32 டிகிரிக்கு மேல் வெப்பமுள்ள நெரிசலில் ஓட்டுவது. ஆற்காடு ரோட்டில் சி.எம்.சி. மருத்துவமனை வாசலைக் கடக்கிற கார், வருஷத்தில் பாதி நாள் இந்த வரிக்குள் வந்துவிடும். அதோடு மாதம் ஒருமுறை ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறுகிறவர் என்றால் சந்தேகமே வேண்டாம். ஆக, மாற்ற வேண்டும். யார் மாற்றுவது என்பதுதான் மிச்சம்.

## உங்கள் காரில் இருப்பது எந்தப் பெட்டி?

இது தெரியாமல் ஆயில் வாங்கக் கிளம்பக் கூடாது. எல்லாவற்றையும் "ஆட்டோமேட்டிக்" என்றுதான் சொல்கிறோம், உள்ளே இருப்பது நாலு விதம்.

ஏ.எம்.டி. 2014-ல் மாருதி செலேரியோவோடு பரவலான வகை. வேகன் ஆர், ஸ்விஃப்ட், டிசையர், டியாகோ என்று நம் தெருக்களில் அதிகம் ஓடுவது இதுதான். உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ். கிளட்ச் மிதிப்பதையும் கியர் போடுவதையும் ஆக்சுவேட்டர் என்ற கருவி செய்துகொள்கிறது. இதில் ஏ.டி.எஃப். என்ற சிவப்பு ஆயிலே கிடையாது, கெட்டியான கியர் ஆயில்தான். மட்டம் பார்ப்பதும் எளிது: கார் சமதளத்தில் நிற்க, ஊற்றும் துளையின் கீழ் விளிம்புவரை ஆயில் வந்தால் சரி. ஆக்சுவேட்டருக்குத் தனி ஆயில் உண்டு, அதில் மட்டும் கை வைக்க வேண்டாம். ஏ.எம்.டி. வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையில் பாதியைத் தாண்டிப் போய்விடலாம். வீட்டிலும் செய்யலாம், நம்பகமான எந்தப் பட்டறையிலும் செய்யலாம்.

டார்க் கன்வெர்டர். இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகவே கியர் பாக்ஸுக்குக் கடத்தும் வகை. இன்னோவா கிரிஸ்டா, க்ரெட்டா டீசல், 2022-க்குப் பிந்தைய பிரெஸ்ஸா, எக்ஸ்.யு.வி. 700 போன்றவை. ஏ.டி.எஃப். என்பது இவற்றுக்குத்தான். இந்த ஆயில் வழவழப்புக்கு மட்டும் இல்லை. கியரை மாற்றும் அழுத்தத்தைத் தருவது, உள்ளேயிருக்கும் கிளட்ச் தட்டுகள் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது, சூட்டைக் கூலருக்கு எடுத்துப் போவது எல்லாம் அதன் வேலை.

சி.வி.டி. ஹோண்டா சிட்டி, அமேஸ், நிசான் மேக்னைட், 2022-க்கு முந்தைய ஆட்டோமேட்டிக் பலேனோ. இரண்டு கப்பிகளுக்கு நடுவே இரும்புப் பட்டை ஒன்று ஓடுகிறது. அந்தப் பட்டை வழுக்காமல் பிடித்து ஓடுவதே ஆயிலின் தன்மையால்தான். இதில் சாதாரண ஏ.டி.எஃப். ஊற்றினால் பெட்டி போய்விடும்.

டி.சி.டி. இரட்டைக் கிளட்ச் உள்ள வகை. வென்யூ, செல்டோஸ், ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகன், அல்ட்ரோஸ் ஆகியவற்றின் சில மாடல்களில் இருக்கிறது. இதிலும் உலர் கிளட்ச், ஆயிலில் நனைந்த கிளட்ச் என இரண்டு வகை. இதை வீட்டில் செய்ய நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். விஷயம் அதோடு முடிந்தது.

## எதை வைத்து எடை போடுவது?

ஆறு விஷயம் பார்க்கிறேன். மட்டம் சரியாகப் பார்க்க முடியுமா, சரியான ஆயில்தான் ஊற்றப்படுகிறதா, கார் சமமாகவும் பத்திரமாகவும் நிற்கிறதா, மொத்தச் செலவு என்ன, வாரண்டிக்குக் காகிதம் இருக்கிறதா, பழைய ஆயில் எங்கே போகிறது. முதல் மூன்றில் எங்கே தவறினாலும் அடி கியர் பாக்ஸுக்கு. மற்ற மூன்றில் தவறினால் பணமோ மனசாட்சியோ கொஞ்சம் கரையும், அவ்வளவுதான். அதனால் இவற்றை ஒரே தராசில் சமமாக வைக்கவில்லை.

மட்டம் என்று ஏன் இவ்வளவு சொல்கிறேன்? ஆயில் சூடானால் விரியும். பெட்டியில் மொத்தம் 7 லிட்டர் இருக்கிறது என்றால், 40 டிகிரி கூடும்போது சுமார் 200 மில்லி அதிகமாகத் தெரியும். இரண்டு டீ கிளாஸ் அளவு. இந்த அளவு குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும், அழுத்தம் விழும், கியர் வழுக்கும். கூடினால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், நுரைக்கு அழுத்தம் தாங்காது. அதனால்தான் குறிப்பிட்ட சூட்டில் மட்டும் மட்டம் பார்க்கச் சொல்கிறார்கள்.

பழைய நாலு கியர் ஆட்டோமேட்டிக்குகள் பலவற்றில் மட்டம் பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக் உண்டு. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, குச்சியை இழுத்து, துடைத்து, மறுபடி விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஹோண்டாவின் பழைய பெட்டிகளில் மட்டும் முறை வேறு: ஓட்டிச் சூடாக்கி, இன்ஜினை நிறுத்தி, 60 முதல் 90 விநாடிக்குள் பார்க்க வேண்டும். புதிய கார்கள் பலவற்றில் டிப்ஸ்டிக்கை எடுத்துவிட்டார்கள். காருக்கு அடியில் வழியும் துளை ஒன்று வைத்து அதற்கு ஒரு நட்டும் போட்டிருக்கிறார்கள். காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி ஆயில் சூட்டைப் பார்த்துக்கொண்டே, சொன்ன டிகிரிக்குள் இருக்கும்போது, இன்ஜின் ஓட ஓட அந்த நட்டைத் திறக்க வேண்டும். ஆயில் மெல்லிய கம்பிபோல வழிந்து, பிறகு சொட்டுச் சொட்டாக மாறும். அந்த நேரத்தில் மூட வேண்டும். ஒன்றுமே வராவிட்டால் குறைவு, இன்னும் ஊற்ற வேண்டும்.

## வீட்டிலேயே மாற்றினால்

இதில் சுகம் இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். எந்த ஆயில், எத்தனை லிட்டர், நட்டு எவ்வளவு இறுக்கம் என எல்லாம் உங்கள் கண் முன்னால். அவசரப்படுத்த ஆள் இல்லை. வெளியே வந்த பழைய ஆயிலை நீங்களே பார்க்கலாம். இந்தக் கடைசி விஷயத்துக்கு மதிப்பு அதிகம். ஆயிலை வடிக்கும் டிரெயின் நட்டின் நுனியிலோ, ஆயில் தேங்கும் தட்டான சம்பின் அடியிலோ ஒரு காந்தம் இருக்கும். அதில் மை போன்ற சாம்பல் நிறப் பசை படிந்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, தேய்மானத் தூள் அப்படித்தான் சேரும். விரலால் தேய்த்தால் நெருடாது. மாறாக, கண்ணுக்குத் தெரியும் இரும்புச் செதிலோ, நகத்தில் தட்டுப்படும் துணுக்கோ இருந்தால் பெட்டிக்குள் ஏதோ உடைகிறது என்று அர்த்தம். ஆயிலை வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பழுப்பேறியிருந்தால் வயசு. கருத்து, தீய்ந்த வாடையும் அடித்தால் கிளட்ச் தட்டு கருகியிருக்கிறது. பட்டறையில் விட்டுவிட்டு வந்தால் இது எதுவும் உங்களுக்குத் தெரியாது.

சரி, இடைஞ்சல் எங்கே?

முதலில் தரை. நம் வீட்டுப் போர்ட்டிகோ எதுவும் சமதளம் கிடையாது. தண்ணீர் தெருவுக்கு வடியட்டும் என்று கொத்தனார் வேண்டுமென்றே சரிவாகப் போட்டிருப்பார். ரசமட்டம் ஒன்றைத் தரையில் வைத்தால் தெரிந்துவிடும். முன்பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினாலும் இதே கதைதான். கார் சாய்ந்து நின்றால் மட்டம் பொய் சொல்லும். நாலு பக்கமும் ஒரே உயரத்தில் ஸ்டாண்ட் போட்டுத் தூக்க வேண்டும்.

ஸ்டாண்ட் என்றால் இரும்பு ஜாக்கி ஸ்டாண்ட். காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான், அதை நம்பி அடியில் படுக்கக் கூடாது. ஹாலோ பிளாக் அடுக்கி அதன்மேல் காரை நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கல் சுவரில் பாரம் தாங்கும். ஒரே முனையில் பாரம் விழுந்தால் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் பார்ப்பவரோடு நான் வாதம்கூடச் செய்ய மாட்டேன்.

அப்புறம் வரிசை. ஊற்றும் துளையின் நட்டு திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டிரெயின் நட்டில் ஸ்பேனர் வைக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால், ஆயில் முழுக்க வடிந்த பிறகு மேல் நட்டு இறுகிக்கிடப்பது தெரியும். கார் பட்டறைக்குப் போகக்கூட முடியாமல் வாசலில் நிற்கும். பெட்டியின் உடல் அலுமினியம், நட்டு இரும்பு. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்காமல், "இன்னும் ஒரு தம்" என்று இழுத்தால் மரை போய்விடும். அதைச் சரிசெய்ய லேத் பட்டறையைத் தேடி அலைவது தனிக்கதை. நட்டின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். சில்லறைக் காசுக்கு ஒழுகல் மிச்சம். சில கார்களில் இன்ஜின் ஆயில் நட்டும் கியர் பாக்ஸ் நட்டும் பக்கத்தில் பக்கத்திலேயே இருக்கும். எது எது என்று கையேட்டில் பார்த்து, சாக்பீஸால் குறி போட்டுக்கொண்டு கை வையுங்கள்.

இப்போது வெயிலுக்கு வருவோம். டொயோட்டாவின் பல பெட்டிகளில் மட்டம் பார்க்கும் சூடு ஏறக்குறைய 35 முதல் 45 டிகிரி. கத்திரியில் வேலூரில் வெளியே 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். மத்தியானம் வாசலில் நின்ற காரில், சாவி போடுவதற்கு முன்பே ஆயில் கிட்டத்தட்ட அந்தச் சூட்டில்தான் இருக்கும். இன்ஜினை ஓட்டி, கியரை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்து, அடியில் போய்ப் படுப்பதற்குள் 45 தாண்டிவிடும். மறுபடி ஆறவைத்து மறுபடி முயல வேண்டும், நாளும் ஓடிவிடும். குளிர்நாட்டுக்காரர்களின் வீடியோக்களில் இந்தத் தொல்லையே தெரியாது. அங்கே சூடேறுவதற்குத்தான் காத்திருப்பார்கள். ஹூண்டாய், கியாவின் ஆறு கியர் பெட்டிகளில் 50 முதல் 60 டிகிரி என்பதால் நமக்கு அவ்வளவு சிக்கல் இல்லை. உங்கள் பெட்டிக்கு என்ன சூடு என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள். கீழ்ச் சூட்டுப் பெட்டி என்றால் மார்கழி, தை மாத விடியற்காலையில் செய்வது உத்தமம். வேலூரில் அப்போது காலை இருபது டிகிரிக்குக் கீழேகூட இறங்கும், கைக்கு நேரம் கிடைக்கும்.

வந்ததை அளந்து அதே அளவு ஊற்றினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பாதி சரி. பழைய ஆயிலும் புதிய ஆயிலும் ஒரே சூட்டில் இருந்து, முன்பு இருந்த மட்டமும் சரியாக இருந்திருந்தால் அந்தக் கணக்கு உதைக்காது. எங்கேயாவது ஒழுகியிருந்தாலோ, முன்னால் யாரோ தப்பாக ஊற்றியிருந்தாலோ அதே தப்பை நீங்களும் பத்திரமாகத் திருப்பி ஊற்றுவீர்கள். அளப்பது நல்லது, அளந்தால் மட்டும் போதாது.

பணக் கணக்கு: ஆயில் லிட்டர் 1,000 ரூபாய், 4 லிட்டர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 4,000 ஆச்சு. இது எங்கே செய்தாலும் உண்டு. வீட்டில் செய்ய நல்ல ஜாக்கி, நாலு ஸ்டாண்ட், டார்க் ரெஞ்ச், ஆயில் ஏற்றும் கை பம்ப், அகலத் தட்டு, சூடு காட்டும் ஸ்கேனர் எல்லாம் முதல் தடவை வாங்க வேண்டும். மலிவாகப் பார்த்தாலும் ஆயிலின் விலையைத் தாண்டிவிடும். இரண்டு மூன்று கார் உள்ள குடும்பம், அல்லது பிரேக், இன்ஜின் ஆயில் என மற்ற வேலைகளும் சொந்தமாகச் செய்கிறவர் என்றால் இந்த முதலீடு திரும்பி வரும். ஒரே கார், நாலு வருஷத்துக்கு ஒரு தடவை என்றால் வராது. பணம் மிச்சம் என்பதற்காக மட்டும் வீட்டில் செய்ய வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். டிரெயின் நட்டைத் திறந்தால் மொத்த ஆயிலும் வராது. டார்க் கன்வெர்டருக்குள்ளும் குழாய்களிலும் பாதியோ அதற்கு மேலோ தங்கிவிடும். 7 லிட்டர் பெட்டியில் 3.5 லிட்டர் வந்தால், ஒரு தடவையில் பாதிதான் புதுசு. இரண்டாம் தடவையில் முக்கால், மூன்றாவதில் 87 சதவீதம் சொச்சம். ஒரே நாளில் மூன்று தடவை வடிப்பதைவிட, ஒருமுறை வடித்து, சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி ஒருமுறை வடிப்பது பெட்டிக்கும் பர்ஸுக்கும் நல்லது என்பது என் அபிப்பிராயம்.

## பட்டறையில் விட்டால்

பைபாஸ் ஓரத்திலும் ஊருக்குள்ளும் நல்ல கைகள் இருக்கின்றன. லிஃப்டில் ஏற்றினால் கார் சமமாக நிற்கும், அடியில் படுக்கும் ஆபத்தும் இல்லை. வீட்டு வேலையின் இரண்டு பெரிய சிக்கல்கள் இங்கே முதல் நிமிஷத்திலேயே தீர்ந்துவிடுகின்றன. கூலியும் கம்பெனியைவிடப் பெரும்பாலும் குறைவு.

ஆபத்து ஆயிலில். "எல்லாம் ஒரே ஆயிலுதான் சார், செவப்பா இருந்தா போதும்" என்ற பேச்சைக் கேட்டால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். டொயோட்டாவுக்கு டபிள்யூ.எஸ்., ஹூண்டாய்க்கு எஸ்.பி.-4, ஹோண்டா சி.வி.டி.க்கு எச்.சி.எஃப்.-2, நிசான் சி.வி.டி.க்கு என்.எஸ்.-3 என்று ஒவ்வொன்றுக்கும் தனி வகை இருக்கிறது. நிறம் சாயம்தான், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. டிரம்மிலிருந்து ஊற்றும் ஆயிலும் வேண்டாம், சீல் உடைக்காத டின்தான். கார் நிறுவனத்தின் பாகங்கள் விற்கும் கவுன்டரில் நீங்களே பில் போட்டு வாங்கி எடுத்துப் போங்கள். போலி ஆயிலுக்கும் இதுதான் மருந்து.

போன் செய்யும்போதே இரண்டு கேள்வி கேட்டுவிட்டால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். "அண்ணே, மட்டம் எப்படிப் பார்ப்பீங்க?" என்று கேளுங்கள். ஸ்கேனர், டிகிரி என்ற பேச்சு வந்தால் பேச்சைத் தொடரலாம். "எவ்ளோ வருதோ அவ்ளோ ஊத்திடுவோம்" என்றால், டிப்ஸ்டிக் உள்ள பெட்டியாக இருந்தால் மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். "இம்பாக்ட் கன் வெச்சு இறுக்குவீங்களா?" என்பது இரண்டாவது. நட்டைத் தட்டித் தட்டி வேகமாக இறுக்கும் துப்பாக்கி வடிவக் கருவி அது. ஆமாம் என்றால் நன்றி சொல்லி வைத்துவிடலாம்.

வெயில் காலத்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. பட்டறைகள் ஒன்பது, ஒன்பதரைக்குமேல்தான் திறக்கும். நீங்கள் வீட்டிலிருந்து ஓட்டிப் போனால் ஆயில் ஏற்கெனவே கொதித்திருக்கும். முதல் நாள் சாயங்காலமே விட்டுவிட்டு, ஷெட்டின் நிழலில் ராத்திரி ஆறவிட்டு, காலையில் முதல் வேலையாக எடுக்கச் சொல்லுங்கள். வேலை நடக்கும்போது கூட நில்லுங்கள். நின்று பார்ப்பதை விரும்பாத மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

மறைமுகச் செலவு ஒன்றுதான், ஆனால் பெரியது: ஏதாவது தவறினால் பொறுப்பேற்க யாரும் இல்லை. பில் கேட்டு வாங்கி, அதில் ஆயில் வகை, லிட்டர், கிலோமீட்டர் மூன்றையும் எழுதச் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்.

## கம்பெனி சர்வீஸில் விட்டால்

வாரண்டி இருக்கும்வரை வேறு பேச்சே வேண்டாம், இங்கேதான். நீட்டித்த வாரண்டி எடுத்தவர்களும் அப்படியே. நாளைக்கு பெட்டியில் ஏதாவது வந்தால் முதலில் கேட்கப்படுவது சர்வீஸ் பதிவு. சரியான ஆயிலும் அந்தக் காருக்கான ஸ்கேனரும் இவர்களிடம் நிச்சயம் இருக்கும். சில சி.வி.டி.களில் ஆயில் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காரின் கணினி தானே கணக்கு வைத்துக்கொண்டிருக்கும். ஆயில் மாற்றியதை ஸ்கேனர் மூலம் பதிந்து அந்தக் கணக்கை அழிக்க வேண்டும். வீட்டிலும் சின்னப் பட்டறையிலும் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான்.

குறை என்றால், முதலில் அவர்களைச் சம்மதிக்க வைக்க வேண்டும். அட்டவணையில் இல்லை என்பார்கள். கடுமையான பயன்பாட்டு அட்டவணை உள்ள பக்கத்தைத் திறந்து காட்டி, "ஜாப் கார்டில் எழுதிக்குங்க" என்றால் செய்வார்கள். கூலி கூடும், அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. இதையெல்லாம்விடப் பெரிய கசிவு, கூடவே ஒட்டிக்கொண்டு வரும் வேலைகள்: ஏ.சி. சுத்தம், இன்ஜின் டீகார்பன், அடிப்பூச்சு. ஆயில் மாற்றப் போனவர் அதைவிட இரண்டு மடங்கு பில்லோடு திரும்புவது சகஜம். ஜாப் கார்டில் கையெழுத்துப் போடும்போது ஒரே வரிதான் இருக்க வேண்டும் என்று கறாராக இருங்கள்.

வேலை நடக்கும் இடத்துக்கு உங்களை விடமாட்டார்கள் என்பதும் உண்டு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காபியோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எத்தனை லிட்டர் வடிந்தது, காந்தத்தில் என்ன இருந்தது, எந்தச் சூட்டில் மட்டம் பார்த்தார்கள் என்று அட்வைசரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, முடிந்தால் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கேட்டால் அனுப்புகிறார்கள்.

## சென்னை, பெங்களூரு ஸ்பெஷலிஸ்ட்

கியர் மாறும்போது உதறல், ஏற்றத்தில் வழுக்கல், ரிவர்ஸ் போட்டால் தாமதம் என்று ஏற்கெனவே தொல்லை தொடங்கிவிட்ட கார்களுக்கு மேலே சொன்ன மூன்றுமே பொருந்தாது. புது ஆயிலால் தேய்ந்த கிளட்ச் தட்டு வளராது. கியர் பாக்ஸை மட்டுமே பார்க்கும் இடத்துக்குக் கொண்டுபோவதுதான் சரி. வேலூரிலிருந்து சென்னை 140 கி.மீ. அளவில், பெங்களூரு இருநூறுக்குக் கொஞ்சம் மேல். டோலும் பெட்ரோலும் ஒரு நாளும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஓட்டிப் போகும் நிலையில் இல்லை என்றால் காரை முழுசாகத் தூக்கி வைக்கும் தட்டையான லாரியில் ஏற்றித்தான் போக வேண்டும், ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருள இழுத்துப் போகக் கூடாது.

மெஷின் வைத்து மொத்த ஆயிலையும் ஒரே தடவையில் மாற்றுவதும் இங்கேதான் கிடைக்கும். ஒழுங்காக மாற்றி வந்த பெட்டிக்கு அது நல்லது. ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் கி.மீ. வரை ஒருமுறைகூட மாற்றாத பெட்டிக்கு, மெஷினைவிட மெதுவாகப் பாதி பாதியாக வடிப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

## ஒரே பார்வையில்

| எதைப் பார்ப்பது | வீடு | பட்டறை | கம்பெனி சர்வீஸ் | ஸ்பெஷலிஸ்ட் |
|---|---|---|---|---|
| மட்டம் பார்ப்பது | டிப்ஸ்டிக் என்றால் சரி, வழியும் துளை என்றால் கடினம் | ஸ்கேனர் இருந்தால் சரி | சரி | சரி |
| சரியான ஆயில் | உங்கள் கையில் | நீங்கள் வாங்கிப் போனால் சரி | சரி | கேட்டு உறுதி செய்யவும் |
| சமதளம், பத்திரம் | பலவீனம் | லிஃப்ட் இருந்தால் நல்லது | நல்லது | நல்லது |
| செலவு | முதல் தடவை கருவிச் செலவு | குறைவு | அதிகம், கூடுதல் வேலைகள் ஒட்டும் | பயணமும் சேரும் |
| வாரண்டிக் காகிதம் | இல்லை | பில் மட்டும் | முழுப் பதிவு | பில் மட்டும் |
| பழைய ஆயிலைக் கண்ணால் பார்ப்பது | முழுதும் | கூட நின்றால் | கேட்டால் போட்டோ | கேட்டால் காட்டுவார்கள் |

## யாருக்கு எது?

வாரண்டியில் இருந்தால் கம்பெனி. டி.சி.டி. என்றால் வாரண்டி முடிந்தாலும் கம்பெனி அல்லது ஸ்பெஷலிஸ்ட். ஏ.எம்.டி.யோ, டிப்ஸ்டிக் உள்ள பழைய டார்க் கன்வெர்டரோ வைத்திருந்து, சமதளமும் ஸ்டாண்டும் பொறுமையும் இருந்தால் வீட்டில் தாராளமாகச் செய்யுங்கள். வழியும் துளை உள்ள புதிய பெட்டி, வாரண்டி முடிந்த கார் என்றால் என் ஓட்டு லிஃப்டும் ஸ்கேனரும் உள்ள பட்டறைக்கு, ஆயில் உங்கள் கையால் வாங்கியது. சி.வி.டி.க்கும் இதேதான். ஆயில் கணக்கை ஸ்கேனரில் அழிக்கத் தெரிந்தவரா என்று மட்டும் கூடுதலாகக் கேளுங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு வீடு என்ற வழியே கிடையாது. பொதுப் பார்க்கிங்கில் ஆயில் கொட்டினால் அசோசியேஷன் சண்டை கியர் பாக்ஸைவிட நீண்ட நாள் ஓடும்.

## பழைய ஆயிலை என்ன செய்வது?

வீட்டில் செய்கிறவர்கள் முன்கூட்டியே யோசிக்காமல் விடுவது இதுதான். நாலு லிட்டர் கறுப்பு ஆயிலை வைத்துக்கொண்டு சாக்கடை ஓரம் நிற்பார்கள். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி பழைய ஆயில் அபாயக் கழிவு, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். சென்ட்ரிங் பலகைக்கும் கரையானுக்கும் தடவக் கேட்டு வாங்கிப் போகிறவர்கள் உண்டு. அதில் ஒரு பங்கு மண்ணுக்குத்தான் இறங்குகிறது. தோல் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பதை இந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாசு செய்தவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொன்ன வழக்கே வேலூர்க் குடிமக்கள் அமைப்பு போட்டதுதான்.

நடைமுறையில் செய்ய வேண்டியது சின்ன வேலை. புது ஆயில் வந்த டின்களிலேயே பழையதை ஊற்றி மூடி, மேலே "பழைய ஏ.டி.எஃப்." என்று எழுதுங்கள். தண்ணீரோ கூலன்ட்டோ பெட்ரோலோ கலக்காதீர்கள், கலந்தால் யாரும் எடுக்க மாட்டார்கள். வழக்கமாக இன்ஜின் ஆயில் மாற்றும் இடத்தில் கழிவு ஆயில் டிரம் இருக்கும், அதை எடுத்துப் போக ஆளும் வருவார். அங்கே முன்னாலேயே கேட்டு வைத்துவிட்டு அப்புறம் நட்டைத் திறங்கள்.